படகு எங்க நிக்குது, அக்கா?

அன்று மதியம் ஓரின்குல் அக்கா ஜிம்முக்குள் நுழைந்தபோது, அவளுடைய தம்பி எர்சாயின் இறந்துபோன செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதை அவளிடம் சொல்லிவிடக் கூடாது என்ற கட்டளையும் கூடவே வந்திருந்தது.

போன் செய்தவர் தொலேகென் பெரியப்பா. அக்காவின் அப்பாவுக்கு அண்ணன். அந்தக் குடும்பத்து ஆண்களில் மிச்சமிருக்கும் ஒரே பெரியவர். தன் ஊரான கர்கரலியிலிருந்து கிளம்பிவிட்டாராம். பனிப்புயலால் சாலையை மூடிவிட்டார்களாம். பயிற்சியாளர் ஆர்கடி பாக் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அதனால் நானும் கேட்டேன், பனிக்காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த வீத்யாவும் கேட்டான்.

"விடியக்காலைல, அக்சு-ஆயுலி ஊரு தாண்டி. புயல்ல ஒண்ணும் தெரியலன்னு லாரியை ஓரமா நிறுத்தியிருக்கான். பின்னால வந்த லாரிக்காரன் பாக்கல." என்றார் பெரியப்பா. "இன்னைக்கு அவ உங்ககிட்ட வர்ற நாள்தானே? நாங்க வர்ற வரைக்கும் அங்கயே வெச்சிருங்க. போன் அவ கையில இருக்க வேண்டாம். எவனாவது கூப்பிட்டு உளறி வெச்சிடுவான்."

"எவ்வளவு நேரம் வெச்சிருக்கறது?" என்றார் பாக்.

"பனி தள்ற வண்டி கிளம்பினா அது பின்னாடியே வந்துருவோம். அவங்க அம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு, நாங்கதான் சொல்லணும்."

போனை வைத்ததும் பாக் என்னைப் பார்த்தார். "எங்க கொரியன் வீடுகள்ல உங்க ஆளுங்க மாதிரி மறைக்கற வழக்கம் கிடையாது. செத்துட்டான்னா செத்துட்டான்னு சொல்லுவோம். ஒண்ணும் தெரியாம ஒருத்தி இங்க வந்து பெட்டி மேல ஏறி ஏறி இறங்கணுமா? நீயே சொல்லிடேன்."

"நான் சின்னவ, மாஸ்டர். நான் சொல்லக் கூடாது."

"அப்ப நான்?"

"நீங்க வெளி ஆளு."

"வீத்யா?"

"ஐயோ, என்னை விடுங்க" என்றான் வீத்யா. அவன் தண்ணீர்க்குழாய் வேலை பார்ப்பவன். பெரிய வாயாடி. அன்று குனிந்து காலணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் ஜிம் முன்பு பஸ் கராஜாக இருந்தது. தரையில் ஊறிய எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கள் சுரங்க நகரமான கரகந்தியின் பனி, வழக்கம்போல மேலே நிலக்கரித் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. உள்ளே சுவரோரம், உட்கார்ந்தபடி துடுப்பு இழுக்கும் ரோயிங் மெஷின்கள். நடுவே மரப்பெட்டிகள், மணல் மூட்டைகள், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள். கொஞ்ச தூரம் துடுப்பு இழுக்க வேண்டும், எழுந்து குண்டைத் தூக்க வேண்டும், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ச்சுவர் வரை போய்வர வேண்டும், பெட்டி மேல் ஏறி இறங்க வேண்டும், மறுபடி மெஷினில் உட்கார வேண்டும். அதுதான் ஒரு சுற்று. சில நாள் ஜோடியாகச் செய்வோம். ஒருவர் துடுப்பு இழுக்கும்போது மற்றவர் குண்டை நெஞ்சோடு பிடித்து நிற்க வேண்டும். நிற்பவர் இறக்கி வைத்தால் இழுப்பவரும் நிறுத்திவிட வேண்டும். ஓரின்குல் அக்காவுக்கு ஜோடி நான். எத்தனையோ முறை நான் குண்டை இறக்கி வைத்திருக்கிறேன். அவள் ஒருமுறைகூட வைத்ததில்லை.

அவளுக்கு வேலை சுரங்கத்தின் விளக்கு அறையில். கீழே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கையும் சுவாசப்பெட்டியையும் ஜன்னல் வழியாக எடுத்துக்கொடுப்பாள். ஏறி வந்ததும் திரும்ப வாங்கி, துடைத்து, சார்ஜில் மாட்டுவாள். எந்தக் கொக்கி காலியாக இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் பூமிக்கு அடியில் இருக்கிறான் என்று அர்த்தம். அவள் கல்யாணம் செய்துகொண்ட கென்ஜெபெக்கும் அந்த ஜன்னலில் விளக்கு வாங்கியவன்தான். ஒரு நாள் அவனுடைய கொக்கி காலியாகவே இருந்துவிட்டது. பெரியவர்கள் வந்து சொல்லும்வரை அவள் மற்ற விளக்குகளையெல்லாம் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள் என்று அங்கே வேலை பார்க்கும் பெண்கள் சொல்வார்கள். அவர்கள் வந்து உட்கார வைத்துச் சொன்ன பிறகுதான் அழுதாளாம்.

அதன் பிறகு எர்சாயினைச் சுரங்கத்துப் பக்கமே அவள் விடவில்லை. அவன் அவளைவிட மிகவும் இளையவன். தூக்கி வளர்த்தவள் அவள். சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் வந்து நின்றபோது, "உனக்கு நான் விளக்குக் குடுக்க மாட்டேன், போ" என்றாளாம். அவன் லாரி ஓட்டப் போனான். அல்மாத்திக்கும் கரகந்திக்கும் நடுவே அந்த ஒரே நீண்ட சாலையில் போவதும் வருவதுமாக இருந்தான்.

ஜிம்முக்கு முதலில் வந்தவனும் அவன்தான். லாரியில் உட்கார்ந்தே வயிறு பெருத்துவிட்டது என்று வந்து சேர்ந்தான். ரோயிங் மெஷினைப் பார்த்ததும், பளுவைக் கூட்டும் பக்கவாட்டு நெம்புகோலைக் கடைசி எண்ணுக்குத் தள்ளி வைத்து, காலை ஊன்றாமல் கையாலேயே பலம் கொண்ட மட்டும் இழுத்தான். புதிதாக வருகிற ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இரண்டாவது வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டின சந்தா வீணாகப் போகக் கூடாது என்று அக்காவை அனுப்பிவைத்தான். அவள் பாக் சொன்னதைச் சொன்னபடி கேட்டாள். முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் கை. திரும்பும்போது அதையே தலைகீழாக. நெம்புகோலை நடுவுக்கும் கீழே வைத்துக்கொள்வாள். அவள் இழுத்தால் மெஷினின் சங்கிலி சத்தம் போடாது. காற்றாடி மட்டும் சீராக ஊதும்.

வீத்யாதான் அந்த விளையாட்டை ஆரம்பித்துவைத்தான். கடலே இல்லாத ஊரில் இந்த அம்மா இவ்வளவு துடுப்புப் போடுகிறாளே என்று ஒருநாள், "படகு எங்க நிக்குது, அக்கா?" என்று கேட்டான்.

"பால்ஹாஷ்ல நிக்குதுடா."

அன்று எர்சாயினின் லாரி ஏரிக்கரை ஊரான பால்ஹாஷில் நின்றிருந்தது. காலையில் அவன் போன் செய்யும்போது எங்கே இருக்கிறான் என்று சொல்வான். அதையே அவள் இங்கே பதிலாகச் சொல்வாள். வீத்யா தினமும் கேட்டான், அவளும் தினமும் சொன்னாள். சரிஷகான், ஷு, மறுபடி பால்ஹாஷ் என்று அந்தச் சாலையோர ஊர்களாக. "படகு அடிக்கடி பழுதாகுதே, வயசாயிருச்சா?" என்பான் அவன். "உன் குழாய் ஒழுகற அளவுக்கு ஒழுகலடா" என்பாள் இவள். எர்சாயினை நேரில் பார்க்காதவர்கள்கூட அவன் எந்த ஊரில் டீ குடிக்கிறான் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

அன்று அக்கா வேலை முடிந்து நேராக வந்தாள். கோட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டினாள். "என்னடா வீத்யா, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கே" என்றாள்.

"தலைவலி, அக்கா."

"தலை இருக்கா உனக்கு?"

வழக்கமாக அதற்கு அவன் ஏதாவது திருப்பிச் சொல்வான். அன்று காலணியின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் உடை மாற்றப் போனதும் நான் அவள் கோட்டுப் பையில் கைவிட்டேன். போன் அணைந்திருந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும், நல்லதாகப் போயிற்று என்று நினைத்து அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

பாக் அன்று பலகையில் எதுவும் எழுதவில்லை. எத்தனை சுற்று என்பதைப் பலகையில் எழுதாமல் அவர் பயிற்சி தொடங்கியதே இல்லை. அக்கா வந்து வெற்றுப் பலகையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வாயால சொல்றேன்" என்றார் பாக். "ஜோடி வேலை. அவசரம் வேண்டாம். மெதுவா, நீளமா."

அவள் ஒன்றும் கேட்காமல் மெஷினில் உட்கார்ந்து காலைப் பட்டையில் மாட்டினாள். நான் குண்டைத் தூக்கி நெஞ்சோடு பிடித்து அவளுக்கு எதிரே நின்றேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த இடத்தில் நின்றால் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அவள் இருக்கை முன்னே வரும்போதெல்லாம் அவள் முகம் என் அருகே வந்தது, பின்னே போனது. நான் திரையில் ஓடும் எண்களைப் பார்ப்பதாகப் பாவனை செய்தேன்.

முதல் சுற்று முடிந்தது. மூட்டையைச் சுமந்தாள், பெட்டியில் ஏறி இறங்கினாள். இரண்டாவது முடிந்தது. பாக் ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, "இன்னொண்ணு" என்றார். அது முடிந்ததும் "இன்னொண்ணு" என்றார். அவர் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பயிற்சியை முடித்தார்கள், ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்து ஏற்கெனவே சுற்றிய கைப்பட்டைகளைப் பிரித்து மறுபடி சுற்றினார்கள். வெளியே புயல் கராஜின் தகரக் கதவை உலுக்கிக்கொண்டிருந்தது.

குண்டு நழுவ நழுவ நெஞ்சுக்கு ஏற்றிக்கொண்டேன். குண்டை இறக்கி வைத்தால் அவளும் நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் வீட்டுக்குக் கிளம்புவாள். அதனால் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளங்கையில் பழைய காய்ப்புகள் கிழிந்து, கைப்பிடியில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

"அக்கா, கை" என்றேன்.

"அது கிடக்குது. நீ இறக்கி வைக்காதே, கண்ணு" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் இறக்கி வைத்தால் அவள் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

எத்தனையாவது சுற்று என்று எனக்குத் தெரியவில்லை. காற்றாடியின் சத்தம் தாழ்ந்துகொண்டே வந்தது. அவள் மூச்சு விசில்போல் கேட்டது. பாக் அவள் பக்கம் குனிந்தார். பிறகு, "இன்னொண்ணு முடியுமா, ஓரின்குல்?" என்று கேட்டார்.

அவள் இழுப்பதை நிறுத்தாமல் வீத்யா பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, இன்னைக்கு நீ கேக்கவே இல்லையே."

"என்னது, அக்கா?"

"தினம் கேப்பியே. கேளு."

வீத்யா எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான். பாக்கைப் பார்த்தான். யாரும் அவனுக்கு உதவவில்லை.

"படகு…" என்றான். "படகு எங்க நிக்குது, அக்கா?"

"அக்சு-ஆயுலி தாண்டி நிக்குதுடா" என்றாள் அவள். "இனிமே நகராது."

நான் குண்டைக் கீழே வைத்தேன். அவள் கைப்பிடியைக் கொக்கியில் மாட்டினாள். காற்றாடி தானாகக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது.

முதலில் பேசியவர் பாக். "எப்பலேர்ந்து தெரியும்?"

"காலைலேர்ந்து." அவள் பட்டையிலிருந்து காலை எடுக்கவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரோட்டு போலீஸ்காரங்க அவன் போன்லேர்ந்து கூப்பிட்டாங்க. கடைசியாப் பேசின நம்பர் என்னுதாம். நான் அவன்தான்னு நெனச்சு, 'டேய், சாப்டியா'ன்னு கேட்டுட்டேன். அந்தப் பக்கம் இருந்த பையனுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, பாவம். அதுக்கப்பறம் போனை அணைச்சு வெச்சுட்டேன்."

"அப்பறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"வேற எங்க போறது? வீட்டுக்குப் போனா அம்மா என் மூஞ்சியப் பாக்கும். பாத்தாப் புரிஞ்சிடும். பெரியவங்க வந்து சொல்ற வரைக்கும் எங்கயாவது இருக்கணும்ல. இங்கன்னா மூஞ்சி செவந்திருந்தாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." அவள் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "நீங்க சுத்தைக் கூட்டிக்கிட்டே போனப்பதான் உங்களுக்கும் தெரியும்னு புரிஞ்சுது."

"புரிஞ்சும் ஏன் இழுத்தீங்க?" பாக்கின் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நான் உங்களைச் சாகடிக்கப் பாத்திருக்கேன்."

"நீங்க நிறுத்தச் சொல்லலையே, மாஸ்டர்."

அவர் போய்ப் பலகையைப் பார்த்து நின்றுகொண்டார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் துடைத்தார்.

வீத்யா வெந்நீர் கொண்டுவந்தான். நான் அவள் கையைக் கழுவித் துணி சுற்றினேன். அவள் என் கையைப் பிடித்து அருகே இழுத்தாள்.

"கண்ணு, நீ எங்கூட வீட்டுக்கு வா. அவங்க சொல்லும்போது பக்கத்துல இரு. ஆனா எனக்கு முன்னாலயே தெரியும்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே. பெரியப்பாவுக்கு வயசாச்சு. இந்தப் புயல்ல அவ்வளவு தூரம் வர்றாரு. சொல்றதுக்கு வார்த்தையெல்லாம் வழி முழுக்கச் சேத்து வெச்சுக்கிட்டு வருவாரு."

அதன் பிறகு காத்திருந்தோம். யாரோ டீ போட்டார்கள். அவள் குடிக்கவில்லை. ஒருமுறை மட்டும், "நான் அவனைச் சுரங்கத்துக்குள்ள விட்டிருந்தா, இன்னைக்கு என் ஜன்னல்ல விளக்கைத் திருப்பிக் குடுத்திருப்பான்" என்றாள். 

பெரியப்பாவின் கார் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவரோடு அவர் மனைவியும் மசூதிப் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார்கள். காரின் கண்ணாடியில் பனி பாளமாக உறைந்திருந்தது. அக்கா வெளியே போய், "அடடே பெரியப்பா, என்ன இந்தப் பக்கம், இந்தக் காத்துல?" என்றாள். அந்தக் குரல் எப்படி அவளிடமிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சும்மாதான்மா. உங்கம்மாவப் பாத்து நாளாச்சு. ஏறு."

நானும் அவளோடு ஏறிக்கொண்டேன். அவர்கள் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் துணி சுற்றிய கைகளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா மேஜையில் மூன்று கிண்ணங்கள் வைத்திருந்தாள். எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி ஒரு தட்டில் ஆறிக்கிடந்தது. இத்தனை பேர் வருவதைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். பெரியப்பா அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்து, அந்த வருஷக் குளிரிலிருந்து ஆரம்பித்தார். எத்தனை ஆடுகள் குளிரில் செத்தன, எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் சாலையில் மாட்டிக்கொண்டார்கள், கடவுள் கொடுத்ததைக் கடவுள் எப்படித் திரும்பக் கேட்கிறார் என்று மெல்ல மெல்ல வந்தார். அவர் மனைவி அம்மாவின் பின்னால் போய் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா நடுவிலேயே புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் பெயரைச் சொல்லும்வரை அசையாமல் கேட்டாள்.

"எர்சாயின் இல்லம்மா."

அம்மா தோளிலிருந்த கையை எடுத்துவிட்டாள். பிறகு கேட்டாள். "எந்த இடத்துல?"

இதற்கான வார்த்தையைப் பெரியப்பா சேர்த்து வைத்திருக்கவில்லை. "பால்ஹாஷ் ரோட்டுல… அந்த ஊரு… வாயில வர மாட்டேங்குது…" என்று தடுமாறினார். தன் மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. அம்மா விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.  நானும் சொல்லவில்லை. அந்தப் பெயர் தெரியாத மாதிரி அந்த அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அவருக்கே நினைவு வந்தது. "அக்சு-ஆயுலி. அதைத் தாண்டி."

"தாண்டின்னா? போயிட்டிருந்தானா, வந்துட்டிருந்தானா?"

"வந்துட்டிருந்தான்மா. வீட்டுக்குத்தான்."

அம்மா மேஜையிலிருந்த மூன்றாவது கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

அக்கா எழுந்து, எங்கள் பெண்கள் செய்வதுபோல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி ஒப்பாரியைத் தொடங்கினாள். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அறை நிறைந்திருந்தது. நல்ல குரல் அவளுக்கு. கென்ஜெபெக்குக்கு அவள் பாடிய ஒப்பாரியை இன்னும் அந்தத் தெருவில் பேசுவார்கள். அன்று அவளால் பாட்டின் முதலடியைக்கூடத் தாண்ட முடியவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லி இழுக்கப் பார்த்தாள், காற்று போதவில்லை. மறுபடி இழுத்தாள், விசில் சத்தம் மட்டும் வந்தது.

"அதிர்ச்சி. திடீர்னு கேட்டதுல மூச்சே நின்னுபோச்சு பாவம்" என்றாள் ஒரு பெண்.

"தண்ணி குடுங்க அவளுக்கு" என்றாள் இன்னொருத்தி.

நான் கொண்டுவந்தேன். கிண்ணத்தைப் பிடிக்க அவளுக்கு விரல் மடங்கவில்லை. துணி வழியாக ரத்தம் ஊறியிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் நான் அந்தக் கைகளை என் சால்வையால் மூடி, கிண்ணத்தை அவள் வாயருகே பிடித்துக்கொண்டேன். அவள் குடித்தாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பி அவன் பெயரைச் சொல்லப் பார்த்தாள்.